ஒன்பதாம் நம்பர்

ஜூன் 9, திங்கள்

தடகளத் தேர்வில் யார் எத்தனை வினாடியில் ஓடினார்கள் என்று குறிப்பதற்காக வாங்கிய நோட்டு இது. இந்த வருஷம் யாரும் என் முன்னால் ஓடப்போவதில்லை. வீணாய்க் கிடப்பதற்குப் பதிலாக நானாவது எழுதுகிறேன்.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. சங்கரன்கோவிலில் சொரிமுத்து அண்ணன் வீட்டுப் பின்னறையில் மூன்றாவது வாரம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. தூத்துக்குடியில் என் விளையாட்டுப் பீரியட் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு கணக்கு வாத்தியார் விசில் ஊதிக்கொண்டிருப்பார். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எப்படி விழுந்தாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கோடைப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டிக் காட்டும்போது விழுந்தேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறரைக்கு டிவியில் ஒரு புதுத் தொடர் தொடங்கியிருக்கிறது. ‘பனிக்குள் பதினொரு பேர்’. வெளிநாட்டுக் கதைக்குத் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். மலைப்பாதையில் போகிற பஸ் பனிச்சரிவில் சிக்கிக்கொள்கிறது. முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. இருபது பாகம், திங்கள் முதல் வெள்ளி வரை.

பஸ் சாய்ந்ததும் பதினொரு பேரும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருத்தனுக்காவது தலை எண்ணத் தோன்ற வேண்டாமா? நாற்பது பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் நாற்பதையும் ஈரத்தலையோடு திருப்பிக் கொண்டுவந்தவள் நான். என்னிடம் ஒரு விசில் இருந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் வரிசையில் நிறுத்தியிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

இவர்கள் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. நம்பர் போட்டுவிட்டேன். எல்லோரையும் அதட்டாமல் அன்பாகப் பேசி வேலை வாங்குகிற நரைத்த தலைக்காரர் ஒன்றாம் நம்பர். டாக்டராம். சமைக்கிற, அதிகம் பேசாத அம்மாள் நான்காம் நம்பர். பஸ் சாய்ந்ததில் கால் முறிந்தவள் ஒன்பதாம் நம்பர். சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டி. தானே சீட்டுக் கம்பியை உடைத்துக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முதலுதவி வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது போலவே, முடிச்சு வெளிப்பக்கம்.

ஒரு குறை. பனியில் தனியாக மாட்டிக்கொண்டு கிடந்தபோது அவள் யாரையும் கூப்பிடவே இல்லை. வாய் இருக்கிறதில்லையா, கூப்பிட வேண்டியதுதானே? என்ன வீம்பு அது.

ஜூன் 11, புதன்

மதினி ரிமோட்டைத் தரவில்லை. அவளுடைய தொடரும் ஆறரைக்குத்தான். அதில் ஒரு கல்யாணம் நான்கு நாளாக நடக்கிறது. என் மூன்றாம் பாகம் போயிற்று.

ஜூன் 12, வியாழன்

அண்ணன் என் அறையிலேயே ஒரு டிவி கொண்டுவந்து மாட்டிவிட்டான். அவனுக்கு உரக்கடை, சரக்கு ஏற்றக் குட்டியானை வண்டி ஒன்று வைத்திருக்கிறான். அதில்தான் வந்தது.

“படுத்துக்கிட்டே பாக்கலாம்லா. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பழசு ஒண்ணு சும்மா கெடக்குன்னாரு.”

“ஏண்ணே, தூத்துக்குடிக்கா போயிருந்த?”

“கடை சோலியா போனேன்” என்றான். நான் எந்த ஊர் டிவி என்று கேட்கவில்லை, எங்கே போனாய் என்றுதான் கேட்டேன். எதற்கு அவனுக்கு முகம் அப்படிச் சிவந்ததோ, வெயிலாக இருக்கும்.

நல்ல டிவி. ரிமோட்டின் பின்மூடி உடைந்து, விளையாட்டு மைதானத்தில் கணுக்காலுக்குச் சுற்றுகிற வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். எல்லார் வீட்டு ரிமோட்டிலும் பின்மூடி உடைந்துதான் இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

ஒன்றாம் நம்பர் எல்லோருடைய பொருளையும் ஓரிடத்தில் சேர்க்கிறார். தீப்பெட்டி, போர்வை, பிஸ்கட். “பொதுவாக இருக்கட்டும், பத்திரமாக இருக்கும்” என்கிறார். சரிதான், முகாமில் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஒன்பதாம் நம்பரின் காலணியைக் கழற்றி எடுத்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. “உனக்கு இப்போது எதற்கு? நீதான் நடக்கப் போவதில்லையே” என்று தலையைத் தடவிக்கொண்டே எடுக்கிறார். இவளும் சிரித்துக்கொண்டு கொடுக்கிறாள்!

“ஏட்டி, குடுக்காத!” என்று கத்திவிட்டேன். மதினி அடுப்படியிலிருந்து ஓடிவந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அந்தக் காலணி போய்விட்டால் கால் ஆறின பிறகும் அவள் நடக்க முடியாது, அது அவளுக்கு ஏன் விளங்கவில்லை? கண் முன்னால் நடப்பதைப் பார்க்கத் தெரியாதவளை எனக்குப் பிடிக்காது.

மதினி புது மிக்சி வாங்கியிருக்கிறாள் போல. அரைக்கும்போது என் மிக்சி மாதிரியே நடுவில் ஒரு முறை இருமுகிறது.

ஜூன் 18, புதன்

ஜெபசீலி டீச்சர் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தார். கணக்கு டீச்சர், என் வீட்டுக்குப் பின் தெருவில் இருப்பவர்.

“இசக்கி டீச்சர், நான் கேக்கேன்னு தப்பா எடுத்துக்காதிய. நீங்க அங்கேயே இருந்துரப் போறியளா?”

“யாரு சொன்னா? மாவுக்கட்டு பிரிச்சதும் வந்துருவேன்.”

“இல்ல, உங்க வீட்டு வாசல்ல ஒரு குட்டியானை நின்னுச்சு. ரெண்டு மட்டம் பாத்தேன். அதான்…”

கீழ்வீட்டுக்காரர்கள் சாமான் இறக்கியிருப்பார்கள் என்றேன். ஜெபசீலிக்கு எப்போதும் அடுத்த வீட்டு வாசலில்தான் கண். அந்த அம்மாளிடம் பேச்சை மாற்றி, கோகோ அணிக்கு ஆள் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுக்கவில்லையாம்.

இன்றைய பாகத்தில் ஒன்பதாம் நம்பர் தன் கோட்டையும் கொடுத்துவிட்டாள். முட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்றாம் நம்பர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கப் போகிறார். ஒன்பதாம் நம்பரை மட்டும் பஸ்ஸில் விட்டுவிட்டு. உதவியோடு திரும்புவார்களாம். அதுவரை அவள் பத்திரமாக உள்ளேயே இருக்க வேண்டுமாம், எல்லாம் அவள் நல்லதுக்காம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் நம்பருக்கு எல்லாம் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள். ஒன்றாம் நம்பரைவிட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

புறப்படும்போது ஒவ்வொருத்தனும் வந்து “நாங்க போறோம், நாங்க போறோம்” என்கிறான். அடப்பாவிகளா! ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் போறேன் என்றா சொல்வான்? போயிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டில்தான் சொல்லாமல் கொள்ளாமல் போவார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தவனுக்கு இதைக்கூடச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லையா? “வாரோம்னு சொல்லுங்கடா!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். கட்டிலை விட்டு எழப்போய்க் கால் வலித்தது.

மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அது கதைளா” என்றாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. வெங்காயம் உரித்திருப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

தொடர் இல்லை. மதினி எனக்குத் தலை குளிப்பாட்டிவிட்டாள். பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்து, மாவுக்கட்டில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை கட்டி, அரை மணி நேரம் சிக்கெடுத்தாள். பொறுமைசாலி. ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய கறார்: யார் வீட்டுப் பாத்திரம் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று பத்து வருஷத்துக் கணக்கு அவளுக்குத் தலைகீழ் பாடம். ஒரு கரண்டி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

முன்வாசலில் பீரோ இறக்குகிற சத்தம் கேட்டது. “மெல்ல, மெல்ல, கண்ணாடி” என்றான் அண்ணன். யாருக்கோ வாங்கியிருப்பான். நான் கேட்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஒன்பதாம் நம்பர் தனியாகப் பனியை உருக்கிக் குடிக்கிறாள். நான் மோர் குடித்தேன்.

ஜூன் 25, புதன்

மத்தியானம் மதினி ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் மோர்க்குழம்பு கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போனாள். இத்தனை நாளும் பீங்கான் கிண்ணம்தான் வரும்.

சட்டியின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

‘க. இசக்கியம்மாள். மாவட்டக் கபடி, முதல் பரிசு. 1996.’

என் அலமாரியின் மேல்தட்டில், பின்வரிசையில் இருந்த சட்டி. நான் அதில் எதையும் வைப்பதில்லை, அழகுக்கு வைத்திருந்தது. மேல்தட்டில் பின்வரிசையில் இருந்ததே இங்கே வந்துவிட்டதென்றால், முன்வரிசை?

ரிமோட்டை எடுத்துப் பிளாஸ்திரியைப் பிரித்தேன். உள்ளே, பேட்டரி ஆடாமல் இருக்க நான் வைத்த காகித மடிப்பு இருந்தது.

எனக்குத் தெரியும். டிவி வந்த அன்றே தெரியும். எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதினால் கேட்க வேண்டிவரும்.

மோர்க்குழம்பை முழுவதும் சாப்பிட்டேன். சண்டைக்குத் தெம்பு வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

காலையில் அண்ணன் கடைக்குக் கிளம்புமுன் கூப்பிட்டேன். மடியில் தூக்குச்சட்டி.

“எண்ணே, என் வீட்டக் காலி பண்ணிட்டியா?”

சட்டியைப் பார்த்தான். மதினியைப் பார்த்தான். “முழுசா இல்ல” என்றான்.

“யாரக் கேட்டு?”

“யாரக் கேக்கணும்? பதினெட்டுப் படிளா அது. ஒத்தையில எப்படி ஏறுவ? வீட்டுக்கார அம்மாட்ட மாசக் கடைசியோட விட்டுருதோம்னு சொல்லிட்டேன். இங்கன பக்கத்துலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் கேட்டு எழுதிப் போடுவோம். ஒனக்கு இங்க என்ன கொற?”

“ஒரு கொறையும் இல்ல. ஆனா நான் விழுந்தது கிரவுண்டுல. படிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

அண்ணன் சட்டென்று என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். “கிரவுண்டுல விழல நீ. படியடியில ஒன்ற மணி நேரம் கெடந்திருக்க. ஜெபசீலி டீச்சர் ஆஸ்பத்திரியிலேயே எங்கிட்ட சொல்லிட்டாவ. நீயா சொல்லுவேன்னு ஒரு மாசமா பாக்கேன், நீளம் தாண்டுனேன் நீளம் தாண்டுனேன்னு எல்லார்ட்டயும் அளந்துக்கிட்டு இருக்க. அடுத்த மட்டம் நான் வந்து பாக்கும்போது நீ செத்துக் கெடந்தேன்னா? அம்மாவும் இல்ல அப்பாவும் இல்ல, எனக்கு யாருளா இருக்கா?”

அவன் அழுது நான் கடைசியாகப் பார்த்தது அப்பா இறந்த அன்று. ஆனாலும் விடவில்லை.

“செத்தா வந்து தூக்கு. உசுரோட இருக்கும்போது என் வீட்டத் தூக்காத.”

எழுந்து போய்விட்டான். சாப்பிடாமல் போனான்.

சரி, எழுதிவிடுகிறேன். மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, மத்தியானம். கையில் பந்து மூட்டையோடு இறங்கினேன், மேலிருந்து நான்காவது படியில் செருப்பு மடங்கியது. கீழே வந்து விழுந்தபோது கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கூப்பிடவில்லை. இசக்கி டீச்சர் ‘காப்பாத்துங்க’ என்று கத்தினாள் என்று தெரு பேசுவதற்கு வலியே மேல் என்று கிடந்தேன். பிறகு கழுத்தில் விசில் இருப்பது ஞாபகம் வந்தது. ஊதினேன். கீழ்வீட்டில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று தெரு நினைத்துவிட்டது. விடாமல் ஊதினேன். கடைசியில் பின் தெருவிலிருந்து ஜெபசீலி, “இது இசக்கி டீச்சர் விசில்லா!” என்று ஓடிவந்தார்.

கிடந்தேன். ஊதினேன். ஆள் வந்தார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இத்தனை நாள் எதற்குப் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வீட்டுக்கார அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

“அம்மா, நான் காலி பண்ணல.”

“ஒங்க அண்ணன் சொன்னாரே டீச்சர்?”

“குடியிருக்கது நான். நான் சொன்னாத்தான் கணக்கு.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “அப்ப வாங்க. ஆனா சாவி ஒங்க அண்ணன்ட்டலா இருக்கு” என்றார்.

சாவி அண்ணனுடைய உரக்கடைச் சாவிக்கொத்தில் இருக்கிறது. கேட்டேன். காதில் விழாத மாதிரி குளிக்கப் போனான்.

இந்த வீட்டு முன்வாசலில் மூன்று படி. உட்கார்ந்தபடி, பின்பக்கமாக, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி ஒவ்வொரு படியாக ஏறினேன். இறங்கினேன். ஏறினேன். மூன்று படியை ஆறு முறை ஏறினால் பதினெட்டு. இன்று நான்கு முறைதான் முடிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும், டிக்கெட்டா கேட்டேன்.

ஜூன் 30, திங்கள்

பதினெட்டு! எழுத்து கோணுகிறது.

தொடரில் ஒன்பதாம் நம்பர் தன் காலணியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சீட்டுக்கு அடியில், நான்காம் நம்பரின் கழுத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தது. எல்லோரும் கிளம்பின அன்றே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அவளை என்னென்ன திட்டினேன்!

திரும்பிப் பார்த்தேன். மதினி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொடர் ஓடுகிற நேரம்தான் அது.

“மதினி, அன்னைக்கு அந்தத் தூக்குச்சட்டிய…”

“என்ன சட்டி?”

“ஒரு கரண்டி மாறினாலே ஒங்களுக்குத் தெரியும். பேர் வெட்டுன சட்டி தெரியாமயா வந்துச்சு?”

“அடுப்புல பால் கெடக்கு” என்று போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

ஜூலை 2, புதன்

காலை இட்லியோடு தூக்குச்சட்டியில் சட்னி வந்தது. மூடியைத் திறந்தால், மூடிக்குள் சாவி.

ஜூலை 3, வியாழன்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து வேறு யாருடையதோ போல இருக்கிறது. அண்ணன்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனான், வாயைத் திறக்காமல். டாக்டரிடம் மட்டும் திறந்தான்: “பதினெட்டுப் படி ஏறப் போறேங்கா, நீங்களே சொல்லுங்க சார்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “மூணு வாரம் ஊன்றுகோல் வேணும். படின்னா உக்காந்து உக்காந்துதான் ஏறணும். முடியுமா?”

“தினம் ஏறிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்.”

அண்ணன் கூரையைப் பார்த்தான்.

ஜூலை 4, வெள்ளி

தூத்துக்குடி. என் வீடு. தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாற்காலி சங்கரன்கோவிலில் இருக்கிறது.

ஜெபசீலி அரை நாள் லீவு போட்டுக் காரோடு வந்தார். மதினி தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை கட்டிக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, என் கையை ஒரு முறை அழுத்தினாள். அண்ணன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்வீட்டு ஆட்களும் நின்றார்கள்.

காரில் ஏறி உட்கார்ந்து, “போறேண்ணே” என்றேன்.

மதினி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. “வாரேன்னு சொல்லிட்டுப் போளா” என்றான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். போறேன் என்று நாற்பத்தாறு வருஷத்தில் எந்த வாசலிலும் நான் சொன்னதில்லை. ஆனால் வாரேன் என்றால் இதுதான் என் வீடு, கொஞ்ச நேரம் வெளியே போகிறேன் என்று ஆகிவிடும். அந்தத் தொடருக்கு எழுதினவனைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில வாசலில் அதுதான் சரியான வார்த்தை.

“போறேன்” என்று இன்னொரு தரம் சொன்னேன், தெளிவாக. பஸ் நிலையம் தாண்டும்வரை அழுதேன். ஜெபசீலி ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

பதினெட்டுப் படிக்கு இருபத்தாறு நிமிஷம். ஜெபசீலி ஒவ்வொரு படிக்கும் பின்னால் நின்று எண்ணினார். மேலிருந்து நான்காம் படியில் மட்டும் எண்ணாமல் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்தால் பேச்சு எதிரொலிக்கிறது. ஒரு பாய், ஒரு குடம், சுவரில் டிவி இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். ஆறரைக்கு அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு புளியோதரை சாப்பிட்டேன். கடைசிப் பாகம். நேற்றுப் பார்த்தவரை ஒன்பதாம் நம்பர் பாதி மலையில் இருந்தாள், காலணி போட்டிருந்தாள்.

ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு அண்ணனிடமிருந்து போன்.

“ஏளா. ஒன் ரூம்ல ஒக்காந்து பாத்தேன். அந்தக் காலொடஞ்ச பொம்பளை இருக்கால்லா…”

“சொல்லாதண்ணே. எனக்குத் தெரியும்.”

“நீ பாக்கவே இல்லையே?”

“நான்தான் தெரியும்ங்கேன்லா.”

“சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டேன். பீரோ, மிக்சி. டிவியத்தான் இனிமே கழட்டணும். நாளைக்குக் காலைல வாரேன்” என்றான்.

“வா” என்றேன். “கதவத் தட்டிட்டு வா.”

சாவி என் கழுத்தில், விசில் கயிற்றில் கிடக்கிறது.